பரிசுக் கிடாயின் கழுத்து மாலை

அனுப்புபவர்:
இளையதம்பி சிவனேஸ்வரி,
நாலாம் வாய்க்கால்,
நாவலடிக்குளம் குடியேற்றத் திட்டம்,
உடையார்கட்டு வழி.

பெறுபவர்:
மிருக வைத்திய அதிகாரி அவர்கள்,
மிருக வைத்திய நிலையம்,
ஆலங்கட்டுச் சந்தி.

விடயம்: கடந்த பங்குனி மாதக் கால்நடைக் கண்காட்சியில் முதலாவதாக வந்த எமது ஜமுனாபாரிக் கிடாயின் கழுத்தில் தாங்கள் இட்ட மாலையைத் தாங்களே வந்து கழற்றிவிடும்படி கேட்டல்.

கனம் ஐயா,

இதே கிடாய் சம்பந்தமாக இதற்கு முன் ஒரு மனு தங்கள் நிலையத்துக்கு வந்திருக்கும். அதை எங்கள் பாடசாலைத் தலைமை ஆசிரியர் செல்வநாயகம் அவர்கள் என் தகப்பனாரின் பெயரில் எழுதித் தந்தார். ஆசிரியர் அவர்கள் வேள்வியில் உயிர்கள் வெட்டப்படுவதை விரும்பாதவர். ஆகையால் அந்த மனு முழுவதும் உயிர்க்கொலை கூடாது என்பதைப் பற்றியே இருந்தது. எல்லாம் நல்ல வார்த்தைகள். சமய சம்பந்தமான காரியங்களில் திணைக்களம் தலையிடாது என்று அதற்குப் பதில் வந்தது. அந்தப் பதிலிலும் பிழை இல்லை. கேட்டதற்குத்தான் பதில் வரும். நாங்கள் கேட்க இருந்தது அதில் எழுதப்படவில்லை. ஆகவே இம்முறை நானே எழுதுகிறேன். எனக்கு வயது பதினாறு. ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. என் தகப்பனார் வேலணையிலிருந்து இத்திட்டத்துக்கு வந்தவர். எங்கள் வயல் நாலாம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்துத் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போது பயிர் பாதி வாடியிருக்கும். ஆகையால் நெல்லை மட்டும் நம்பி நாங்கள் ஒரு வருடமும் இருந்ததில்லை. வீட்டை நடத்தியவை ஆடுகள். தாயார் ஊரிலிருந்து கூட்டி வந்த இரண்டு பெட்டை ஆடுகளின், அதாவது மறிகளின், வழியில் பெருகியவை அவை. தாயாருக்கு நெடுநாள் காய்ச்சல் கண்டு எழும்ப முடியாமற் போனபோது, ஆடுகளுக்குக் குழை வெட்ட ஆள் இல்லை என்று என்னைப் பாடசாலைக்குப் போகாமல் நிறுத்தினார்கள். பிறகு தாயார் எழும்பி நடமாடத் தொடங்கினார். நான் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்லி ஒருவரும் சொல்லவுமில்லை.

2. எங்கள் நாட்டு மறிகள் குட்டி குடித்து மிஞ்சினால் ஒரு பேணி பால் தரும். அது தேத்தண்ணீருக்குப் போதும், விற்கக் காணாது. இதைப் பார்த்துத்தான் தங்கள் திணைக்களம் பால் வர்க்கமான ஜமுனாபாரிக் கிடாய் ஒன்றை இத்திட்டத்துக்குத் தந்து, ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வளவில் நிறுத்தியது. எங்கள் வெள்ளை மறியை அதற்கு விட்டதில் பிறந்ததே இந்தக் கிடாய். பாதி இரத்தம்தான் என்றாலும், வளைந்த மூக்கும் தாடைக்குக் கீழே தொங்கும் செவியும் உயரமும் அப்படியே தகப்பனுடையவை என்று தாங்களே சொன்னீர்கள். அதே அரசாங்கக் கிடாய்க்குப் பிறந்த மறிகள் இன்று ஒரு செம்பு நிறையப் பால் தருகின்றன. பிள்ளைப்பேற்று மனைக்கும் சந்தித் தேத்தண்ணீர்க் கடைக்கும் அந்தப் பால்தான் போகிறது. அரசாங்கக் கிடாய் போன மாரியில் வயிறு ஊதிச் செத்துப்போனது. தாங்கள் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது அந்த வழியில் இத்திட்டத்தில் மிஞ்சியிருக்கும் கிடாய் எங்களுடையது ஒன்றே.

3. பால் ஆட்டுக்கென்று கிடாய் வளர்ப்பதில் கரைச்சல் அதிகம். அதன் நாற்றம் பாலில் ஏறும். ஆகையால் மறிகளின் கொட்டிலுக்கு எட்டத் தள்ளி, காற்று வீசும் பக்கம் பார்த்து வேறாகக் கட்ட வேண்டும். அதைத் தொட்ட கையோடு பால் கறக்கக் கூடாது. அதைத் தேய்த்துக் குளிப்பாட்டிய நாட்களில் தாயார் என்னைச் சமையற் குசினிக்குள்ளும் விடுவதில்லை. கண்காட்சிக்கு முன் தங்கள் ஆட்கள் வந்து, கிடாய் கயிற்றில் இழுபடாமல் நடக்க வேண்டும், நிறுத்தினால் நாலு காலும் நேராக ஊன்றி நிற்க வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். பின்னேரங்களில் வாய்க்கால் கட்டு வழியே நடத்திப் பழக்கினேன். மதகடியில் வந்ததும் அசையாமல் நின்றுவிடும். குடையைக் கண்டால் பின்னுக்குப் போகும். தேத்தண்ணீர்க் கடை நடராசா அண்ணை ஒவ்வொரு நாளும் கடைக்குள் இருந்தபடியே, "பிள்ளை வாறா எண்டு எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை. காத்து முந்தி வந்து சொல்லிப்போடும்" என்பார். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். இருந்தும் பழக்கிவிட்டேன். கண்காட்சியில் அது நின்ற விதத்தைத் தாங்கள் கண்டீர்கள்.

4. அன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். தாங்கள் முன்னுக்கு நின்றீர்கள். தங்களுக்குப் பின்னால் நடந்தது தங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

இத்திட்டத்தில் பொது மண்டபம் இல்லை. வெயிலுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று கண்காட்சியை வைரவர் கோயில் முற்றத்தில், பெரிய பாலை மரத்தின் கீழ் வைத்தார்கள். கோயிற் பூசாரியார் வீரகத்தி அவர்கள் மறுக்கவில்லை. "ஆடு மாடு எல்லாம் வைரவரின்ரை தானே. அவரின்ரை வாசலிலை கட்டினால் என்ன குறை" என்றே சொன்னார். தாங்கள் ஜீப்பால் இறங்கியதும், வந்த பெரியவருக்குச் செய்யும் மரியாதையாக, சூலத்தில் சாத்தியிருந்த செவ்வலரி மாலையைத் தீர்த்தம் தெளித்து எடுத்துத் தங்கள் கழுத்தில் போட்டார். இது இங்கே எல்லாப் பெரியவர்களுக்கும் செய்வது.

பிறகு தாங்கள் கிடாய்களை வரிசையாகப் பார்த்து, பல்லையும் குளம்பையும் பார்த்து, எங்களுடையதை முதலாவதாக நிறுத்தினீர்கள். அதற்குக் கட்ட வேண்டிய சிவப்பு நாடா வந்து சேரவில்லை என்று தங்கள் எழுதுவினைஞர் வந்து காதில் சொன்னார். தாங்கள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தங்கள் கழுத்து மாலையைக் கழற்றிக் கிடாயின் கழுத்தில் போட்டீர்கள். அது நல்ல மனத்தினால் செய்த காரியம். அந்த நேரம் எனக்கும் சந்தோசமாக இருந்தது. மாலையில் இருந்த ஈரம் அதன் செவிக்குள் வடிந்தது. கிடாய் தலையை ஆட்டி, உடம்பு முழுவதையும் ஒருமுறை சிலிர்த்தது. தாங்கள் சிரித்து, "பாருங்கோ, நன்றி சொல்லுது" என்றீர்கள். தங்களோடு வந்தவர்கள் கை தட்டினார்கள். எங்கள் சனங்கள் கை தட்டவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, "வைரவர் கேட்டு வாங்கிப்போட்டார்" என்று மெல்லச் சொன்னார். நான் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

5. எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனி மாதத்து வேள்வியன்று கிடாயைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்து, சூலத்து மாலையை அதன் கழுத்தில் போட்டு, தலையில் தீர்த்தம் தெளிப்பார்கள். கிடாய் சிலிர்த்தால் வைரவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். சிலிர்க்காவிட்டால் வெட்ட மாட்டார்கள், பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று கண்காட்சியில் முற்றம் அந்த முற்றம், மாலை அந்த மாலை, ஈரம் அந்தத் தீர்த்தம். கிடாயும் சிலிர்த்துவிட்டது. தாங்கள் இதை அறிந்து செய்யவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தங்களைக் குறை சொல்லவில்லை. சாமியின் மாலையைத் தங்களுக்குப் போட்டவர்கள் நாங்கள். அதைக் கழற்றும்போது தடுத்து ஒரு சொல் சொல்லாமல் நின்றவர்களும் நாங்களே. வந்த பெரியவரை எல்லோர் முன்பாகவும் மறிப்பது எப்படி என்று ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றதில் காரியம் முடிந்துவிட்டது.

6. அடுத்த நாட் காலையில் பூசாரியார் எங்கள் வாசற் படலைக்கு வந்தார். அவர் பேராசைக்காரர் அல்ல. அதைத் தாங்கள் மனதில் வைக்க வேண்டும். அவர் உள்ளே வந்து இருக்கவும் இல்லை, தேத்தண்ணீர் குடிக்கவும் இல்லை.

"இளையதம்பி, நான் இதைக் கேட்டு வரேல்லை. நீயும் பாத்தனி, நானும் பாத்தனான்" என்றார்.

தகப்பனார், "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

தாயார் குசினி வாசலில் நின்று, "அண்ணை, அது பரிசுக்குப் போட்ட மாலையெல்லோ" என்று கேட்டார்.

"பரிசெண்டு போட்டது டொக்டர் ஐயா, தங்கச்சி. சிலிர்த்தது கிடாய். அவர் சொல்லியே அது சிலிர்த்தது?"

பூசாரியார் மடியிலிருந்து மஞ்சள் துணி எடுத்துக் கிடாயின் கொம்பில் கட்டினார். போகும்போது என்னைப் பார்த்து, "நல்லா வளத்திருக்கிறாய், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதை நல்லதாகத்தான் சொன்னார்.

7. அன்றிலிருந்து எங்களுக்கு உள்ள கஷ்டம் இது. சாமிக்கென்று ஆன கிடாயை மறிக்கு விடக் கூடாது. சித்திரையில் பெய்த மழைக்குப் பிறகு மறிகள் எல்லாம் கிடாய் தேடிக் கத்துகின்றன. இப்போது விட்டால் மாரியில் குழை தளிர்க்கும்போது குட்டி போடும், பாலும் இருக்கும். இந்தப் பருவம் தப்பினால் வரும் வருடம் கறப்பதற்கு ஒன்றும் இராது. எங்கள் மறிகள் கத்துகிற சத்தம் கிடாய்க்குக் கேட்கிறது. அது தீன் தின்னாமல் கயிற்றை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நான் போய்க் கயிற்றைச் சரிசெய்துவிட்டு வருவேன். திரும்ப முறுக்கும். திரும்பப் போவேன்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கும் இல்லை என்றே சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. தண்ணீரூற்றிலிருந்து சபூறா என்னும் அம்மா தன் இரண்டு மறிகளை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் ஆட்டுப்பால் விற்றுப் பிழைப்பவர். போன வருடமே சொல்லி வைத்தவர். நான் படலையில் நின்று விடயத்தைச் சொன்னேன். அவர் கொம்பில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். "உங்கட சாமிக்கெண்டு ஆனதை நான் கேட்கப்படாது, மகள். ஆனா இவ்வளவு தூரம் வந்தனான், என்ரை ஆடுகளுக்குக் கொஞ்சம் தண்ணியாவது வையுங்கோ" என்றார். நான் வாளியில் தண்ணீர் வைத்தேன். ஆடுகள் குடித்தன. பிறகு அவர் வந்த வழியே போனார். இவரைப் போல இன்னும் பலர் வந்து போனார்கள். இப்போது ஒருவரும் வருவதில்லை.

8. மாலை இன்னும் அதன் கழுத்தில் இருக்கிறது. செவ்வலரி ஆட்டுக்கு நஞ்சு என்பது தாங்கள் அறிந்ததே. மாலையில் எங்கள் கை படக் கூடாது என்பதால், கிடாய் கழுத்தைத் திருப்பிப் பூவைக் கடிக்காமல் இருக்கத் தலைக்கயிற்றைக் கட்டையாகக் கட்டி, பூ எல்லாம் வாடி விழும்வரை பக்கத்தில் இருந்து பார்த்தேன். விழுந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இப்போது பூ இல்லை, நார் மட்டும் இருக்கிறது. அது காய்ந்து இறுகிக் கழுத்தில் உரசுகிறது. ஒரு பக்கம் மயிர் போய்த் தோல் சிவந்திருக்கிறது. நாரைத் தொடாமல் கோழியிறகால் வேப்பெண்ணெய் பூசி வருகிறேன்.

நடராசா அண்ணை என்னைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். "செவியிலை ஒரு துண்டை வெட்டிவிடு, பிள்ளை. ஊனமெண்டு சாமியும் வேண்டாம் எண்டிடுவார், கண்காட்சிக்காரரும் வேண்டாம் எண்டிடுவினம். உனக்கு மிஞ்சும்" என்றார். பகிடியாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா தெரியவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது தகப்பனார், "ஆரை ஏமாத்தப் பாக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போனார். எனக்கும் அது சரியாகப் படவில்லை. நாங்கள் வைரவரை நம்புகிறவர்கள். வேள்வி கூடாது என்று எழுதவும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு கிடாய் போயிருக்கிறது. எங்கள் வழக்கு வைரவரோடு அல்ல.

9. தாயார்தான் ஒரு வழி கண்டார். அவர் பூசாரியாரிடம் தனியே போய், இதற்குப் பதிலாக வேறொரு கிடாய் தருகிறோம், ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பூசாரியார் சாமியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை விளக்கு வைத்துப் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது. மாற்றுக் கிடாய்க்கு உத்தரவு என்று அதற்குப் பொருள். ஆனால் ஒன்று சொன்னார். "மாலை போட்ட கைதான் கழற்ற வேணும், தங்கச்சி. டொக்டர் ஐயா வந்து, இது நான் பரிசுக்குப் போட்டது எண்டு இந்த முற்றத்திலை நிண்டு தன்ரை வாயாலை சொல்லிக் கழற்றட்டும். வேறை கை பட்டால் அது களவு" என்றார். தாயார் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, கண்காட்சிக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

தங்களைக் கூட்டி வருவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அப்போது நாங்கள் நினைக்கவில்லை.

10. முதலில் தகப்பனார் விதானையாரிடம் போனார். விதானையார், "இது கோயில் விசயம், நான் கை வைச்சால் சனம் என்னைப் பேசும்" என்றார். கோயில் சம்மதித்துவிட்டது என்று தகப்பனார் சொன்னதற்கு, "அப்ப இது ஆட்டு விசயம். ஆட்டுக் கந்தோருக்குப் போ" என்றார். தலைமை ஆசிரியர் அவர்களின் மனுவையும் அதற்கு வந்த பதிலையும் பற்றி முன்னரே எழுதியிருக்கிறேன். பிறகு தகப்பனாரும் நானும் தங்கள் நிலையத்துக்கு வந்தோம். தாங்கள் மாட்டுக்கு ஊசி போட வெளியே போயிருந்தீர்கள். அடுத்த முறை வந்தபோது தாங்கள் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தீர்கள். எழுதுவினைஞர், "மாலை கழட்டவும் டொக்டர் வேணுமோ? ஒரு கத்தி காணாதோ?" என்று கேட்டார். நாங்கள் வாசலில் இருந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் முறை தகப்பனார் வரவில்லை. தாயாரும் நானும் வந்தோம். அன்று தாங்கள் வெளியே வந்து ஜீப்பில் ஏறினீர்கள். எங்களைப் பார்த்து, "என்ன, ஆட்டுக்குச் சுகமில்லையோ?" என்றும் கேட்டீர்கள். தாயார் என்னைப் பார்த்தார். பேச வேண்டியவள் நான் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தோம். எனக்குப் புதியவர்களுடன் பேச வராது. தாயார் பேசத் தொடங்குவதற்குள், "மருந்து உள்ளுக்கை இருக்கு, கேட்டு வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் போய்விட்டீர்கள். உள்ளே போனோம். குடற்புழுவுக்கு மருந்து தந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

11. இந்த மனுவில் தகப்பனார் கையொப்பம் இடவில்லை. அவர் எதிர்ப்பு என்று எண்ண வேண்டாம். அவருக்குக் களைத்துவிட்டது. தங்கள் நிலையத்துக்கு நடந்து திரும்பிய ஒரு நாளில், மேல் வாய்க்காலில் ஒருவருடைய பசு பாம்பு கடித்துச் செத்தது. சாமிக்கு ஆனதைத் திருப்பிக் கேட்கத் திரிகிறார்கள், அதுதான் என்று சந்தியில் கதைத்தார்களாம். இனி யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்கள் படலையைத்தான் காட்டுவார்கள் என்று தகப்பனார் சொல்கிறார். "கேட்டவர் வைரவர். குடுத்திட்டு இருப்பம்" என்று அவர் சொல்லும்போது, அது பக்தியால் வருகிறதா அலுப்பால் வருகிறதா என்று எனக்குத் தெரிவதில்லை. ஆனால் பூசாரியார் சம்மதித்தால் தனக்கும் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார். இதை எழுதக் கடுதாசி வாங்கி வந்தவரும் அவர்தான்.

12. நாங்கள் கேட்காதவற்றையும் எழுதிவிடுகிறேன். கிடாயை அரசாங்கத்துக்கு எடுக்கும்படி கட்டளை ஒன்றும் அனுப்ப வேண்டாம். பொலிசாரை அனுப்ப வேண்டாம். தங்களுக்குப் பதிலாக வேறு உத்தியோகத்தரை அனுப்பவும் வேண்டாம், அவர் கை மாலை போட்ட கை அல்ல. தாங்கள் பரிசாகப் போட்டதே என்று கடிதம் எழுதித் தந்தாலும் போதாது. பூசாரியாருக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் அவர் கேட்டது கடிதம் அல்ல. இவற்றில் எதைச் செய்தாலும் கிடாய் மிஞ்சலாம். ஆனால் இந்தச் சனங்களுக்கு நடுவில் நாங்கள் இருக்க முடியாமற் போகும். அவர்களும் தம்முடைய மறிகளை அதனிடம் கொண்டுவர மாட்டார்கள். அப்படி மிஞ்சுகிற கிடாயால் ஒருவருக்கும் பயன் இல்லை.

13. ஆகவே நான் கேட்பது ஒன்றே. வேள்வி வரும் ஆனிப் பூரணைக்கு அடுத்த சனிக்கிழமை. அதற்கு முன் ஏதாவது ஒரு காலையில் தாங்கள் ஒருமுறை வர வேண்டும். ஜீப் மதகடிவரை வரும், அதிலிருந்து கோயில் தெரியும். வருகிற நாளைச் சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் சொல்லி அனுப்பினால் போதும், எங்களுக்கு வந்து சேரும். பூசாரியார் முற்றத்தில் நிற்பார். தாங்கள், இது நான் பரிசாகப் போட்ட மாலை, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கழற்ற வேண்டும். வேறு கிரியை எதுவும் தங்களிடம் கேட்க மாட்டார்கள். தாங்கள் எந்தச் சமயத்தவர் என்பதும் தடையல்ல என்று பூசாரியார் சொன்னார். சப்பாத்தை மட்டும் முற்றத்துக்கு வெளியே கழற்ற வேண்டும். கயிற்றை நான் பிடித்துக்கொள்வேன், கிடாய் முரண்டு பிடிக்காது. நார் இறுகியிருப்பதால் கழுத்துப் புண்ணில் படாமல் மெல்ல எடுக்க வேண்டும். அன்று நான் தங்களைப் பார்த்து ஒன்றும் பேசாமல் நின்றால் மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். சொல்ல வேண்டியதை எல்லாம் இதில் எழுதிவிட்டேன்.

தங்களால் வர முடியாது என்றால் அதையும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வருவீர்கள் என்று ஒவ்வொரு நாளும் கிடாயைத் தேய்த்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன். வரமாட்டீர்கள் என்று தெரிந்தால் அதற்குக் குழை வைக்கும் வேலையைத் தகப்பனாரிடம் விட்டுவிடுவேன்.

14. மாற்றாகக் கொடுக்க இருப்பது எங்கள் கறுத்தக் கிடாய். நாட்டு மறி ஒன்று ஈன்றது. தாய் அதைச் சேர்க்காததால், துணியைப் பாலில் நனைத்து நான் ஊட்டி வளர்த்தேன். ஊனம் ஒன்றும் இல்லை. பூசாரியார் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்பது எனக்குத் தெரியும். பால் வழி பெரிய கிடாயில் இருக்கிறது, இதில் இல்லை. கறுத்தக் கிடாய்க்காக நான் இம்மனுவில் எதுவும் கேட்கவில்லை. தாங்கள் வரும் அன்று அதை வளவின் பின்பக்கம் கட்டிவிடுவேன். தாங்கள் அதைப் பார்க்க வேண்டி வராது.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்,

இ. சிவனேஸ்வரி

தாயாரின் பெருவிரல் அடையாளம் அருகே இடப்பட்டுள்ளது.

இடம்: நாவலடிக்குளம்
திகதி: 9-6-1962